விசாரணையில் இருந்த குளிர்

மாங்காய்க்குப் பர்மிட் வாங்கியிருந்தேன். லாரிக்குப் பர்மிட் இருந்தது, டிரைவருக்கு இருந்தது, மாங்காய்க்கு அடியில் பரப்பிய வைக்கோலுக்குக்கூட யாரோ சொன்னார்களே என்று ஒரு சீட்டு வாங்கி வைத்திருந்தேன். குளிருக்கும் வாங்க வேண்டும் என்று எனக்கு எவனும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கே போய் வாங்குவது என்று கேட்டிருப்பேன். அதற்கும் எவனுக்கும் பதில் தெரிந்திருக்காது.

என் பெயர் முனிரத்தினம். சொந்த ஊர் நகரி. மாந்தோப்பு இருப்பது சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில், புத்தலப்பட்டில். சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு போனதில் எந்தத் துண்டு திரும்பி மதராஸுக்கு வரும், மதராஸிலிருந்து எந்தத் துண்டு இங்கே வரும் என்று பேப்பர்காரர்கள் தினம் ஒரு கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மாமரங்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த வருஷம் கிளை தரையில் படுகிற மாதிரி காய்த்தன.

மதராஸ் துறைமுகத்து ஏற்றுமதிக் கம்பெனிக்காரர் ஒருவர் தோப்புக்கு வந்து, ஒரு பங்கனபள்ளிக் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இது லண்டனுக்குப் போகும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. முற்றின காயைப் பறித்த உடனே குளிரில் வைத்துவிட்டால் அது தூங்கிவிடுமாம். கப்பலில் ஓர் அறை முழுக்கக் குளிர் இருக்கிறதாம். லண்டனில் இறக்கி வெளியே எடுத்தால் காய் விழித்துக்கொண்டு பழுக்குமாம். நடுவில் குளிர் விட்டுப்போனால் மட்டும் வழியிலேயே விழித்துக்கொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதைத் திரும்பத் தூங்கவைக்க முடியாது என்றார். தோப்பிலிருந்து துறைமுகம் வரைக்கும் குளிர் போகாமல் கொண்டுபோக ஒரு லாரி அனுப்புகிறேன் என்றும் சொன்னார்.

சொன்னபடி லாரி வந்தது. முதுகில் தகரப் பெட்டி, பெட்டிக்கு முன்னால் குளிர் செய்கிற தனி இஞ்சின். டிரைவர் துலுக்காணம் எல்லைப்புறத்து ஊர்க்காரன், நம் பக்கத்து ஆள். தோப்புக் காய் முழுவதையும் அதில் ஏற்றினேன். என் மனைவி தாட்சாயணி ஒவ்வொரு காயையும் முந்தானையால் துடைத்து வைக்கோலில் வைத்தாள். "எவன் துன்னுவானோ, நல்லா துன்னட்டும்" என்றாள். அந்தப் பெட்டிக்குள் போனதுதான் எங்களுக்கு அடுத்த மாம்பூ வரைக்கும் சோறு. திருப்பதி கங்கம்மா ஜாத்திரை முடிந்த மறுவாரம் கப்பல். கைநிறைய நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

சித்தூர் தாண்டி ராணிப்பேட்டை ரோட்டில் எல்லைச் சாவடி. அங்கே குமாஸ்தா நாகபூஷணம் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். தாள்களை எல்லாம் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். "லோபல ஏமுந்தி?"

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவடி வந்த புதிதில் சந்திரம்மா என்று ஒரு பெண்பிள்ளை பஸ்ஸில் போகும்போது மடியில் இருந்த பெட்டைக்கோழியைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். மறைத்தாள் என்று கோழியைப் பிடித்து வைத்தார்கள். கோழி சாவடியிலேயே முட்டை போட்டது. அந்த முட்டைகளும் வழக்கில் சேர்ந்தன, பொரிந்த குஞ்சுகளும் சேர்ந்தன. கேஸ் தீர்ந்தபோது சந்திரம்மாவைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் கோழி சாப்பிட்டிருந்தார்கள். அதிலிருந்து எங்கள் ஆட்கள் சாவடியில் எதையும் விடுவதில்லை. இடுப்பில் செருகிய வெற்றிலை வரைக்கும் ஒப்பித்துவிடுவார்கள்.

துலுக்காணமும் ஒப்பித்தான். "மாங்கா கீது, வைக்கோலு கீது, மரப்பெட்டி, ஒரு ஸ்டெப்னி, எங்க சோத்துத் தூக்கு, அப்பால குளிரு."

"குளிரா?" என்றார் நாகபூஷணம்.

"ஆமா சார். பெட்டி ரொம்ப கீது."

நாகபூஷணம் எழுந்து வந்து கதவைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் வெள்ளையாய்ப் புகை மாதிரி வந்து அவர் மேல் படிந்தது. அக்கினி நட்சத்திரத்து வெயிலில் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்த மனிதர். கண்ணை மூடிக்கொண்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஏறி உள்ளே போய் ஒரு மாம்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து, வெளியே வராமலே பேசினார்.

"இத எங்க செஞ்சீங்க?"

"வழியில சார். இஞ்சினு செஞ்சுக்கினே வருது" என்றான் துலுக்காணம்.

"அப்போ ஆந்திராவுல செஞ்சது. மாங்காய்க்குப் பர்மிட் கீது. குளிருக்கு எங்கய்யா?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். குளிர் ஒரு சரக்கு இல்லை சார், அது காய்க்குப் போட்ட போர்வை மாதிரி என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரக்கு இல்லன்னா ஏன் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சித்தூரில் எல்லைச் சரக்குத் தீர்மான அலுவலகம் என்று ஒன்று இருந்தது. எல்லை தீர்கிற வரைக்கும் ஒரு ராஜ்யத்துச் சொத்து மற்ற ராஜ்யத்துக்கு நழுவிப்போகாமல் பார்த்துக்கொள்வதற்காக ஏற்படுத்தியது. நாகபூஷணத்தையும் காவலுக்கு ஏற்றிக்கொண்டு லாரியைத் திருப்பி அங்கே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். ஸ்பெஷல் ஆபீசர் ரங்கையா திருப்பதிக்காரர். நல்ல பருமன், நல்ல தமிழும் பேசுவார். முதல் வேலையாக லாரிக்குள் ஏறினார். இரண்டாவது வேலையாக நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அவர் எனக்குச் செய்த உபதேசத்தை அப்படியே தருகிறேன்.

"பாருய்யா முனிரத்தினம். மாங்கா உன்து. லாரி மதராஸ் கம்பெனிது. குளிரு யாருது? யோசன பண்ணிப் பாரு. இஞ்சின் இன்னா பண்ணுது? வெளிய கீற காத்த இழுத்து, அதுல கீற சூட்ட எடுத்துட்டு, குளிர உள்ள வுடுது. காத்து யாருது? ஆந்திர சர்க்கார்து. எங்க காத்துல செஞ்ச குளிர நீ மதராஸுக்குக் கொண்டுபோயி, அங்கருந்து லண்டனுக்கு வேற அனுப்பறே. நாள பின்ன சொத்துப் பங்கு போடச் சொல்லோ, எங்க குளிரு எங்கன்னு ஹைதராபாத்துல கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? நான் உனக்கு விரோதி இல்ல. நாயம் நாயமா நடக்கணும்."

"அப்போ குளிர எடுத்துக்கிட்டு மாங்காய வுட்டுடுங்க சார். வேற வண்டில போட்டுக்கினு போறேன்."

"மாங்காய்க்குள்ள குளிரு பூந்திருக்குதே. எவ்ளோ பூந்துதுன்னு அளந்து, அத்த வெளிய எடுத்தப்புறம்தான் மாங்கா உன்து. அதுக்கு கமிட்டி போட்டிருக்கேன்."

விசாரணை முடிகிற வரைக்கும் குளிர் ஒரு துளியும் குறையக் கூடாது, டூட்டிக் குமாஸ்தா தினமும் உள்ளே ஏறிப் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவு. குறைந்தால் நான் அதைக் களவாடியதாக அர்த்தம். அதனால் இஞ்சினை நிறுத்தக் கூடாது, டீசல் என் பொறுப்பு, நானும் துலுக்காணமும் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. இஞ்சின் ஓடி ஓடிக் குளிர் செய்து அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கேட்டில் ஒரு சேவகனை நிறுத்தி அவனிடம் எங்களைக் காட்டி, "இந்த ரெண்டு பேரும்" என்றார்கள்.

கமிட்டி லாரிக்குள்ளேயே கூடியது. குளிரைப் பார்க்காமல் குளிரைப் பற்றித் தீர்மானிப்பது முறையல்ல என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மறுநாள் மேஜை வந்தது. அதற்கு மறுநாள் ரங்கையாவின் ஆபீஸ் முழுவதும் வந்துவிட்டது, மண்பானையும் சுவர்க் கடிகாரமும் உட்பட. சர்வே இலாகாவிலிருந்து சங்கிலி கொண்டுவந்து குளிரை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்ததால் குளிர் வாசல்படி தாண்டி வேப்பமரம் வரைக்கும் இருப்பதாகக் கணக்கில் வந்தது. அவ்வளவு குளிரையும் நான் காட்டவில்லை என்று என்னைக் கண்டித்தார்கள். சுகாதார இலாகாக்காரர் குளிர் காய்க்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வந்தார். அவருக்கு ஒரு பெட்டி போயிற்று. அறுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். இன்ன இலாகா என்று சொல்லாமலும் சிலர் வந்து பார்த்தார்கள். அவர்கள் வீட்டு மோர்ப்பானை, மல்லிகைச் சரம், ஒரு மாமியாரின் கஷாயப் பாட்டில் எல்லாம் என் மாங்காய்களுக்கு நடுவே வந்து குடியேறின.

பிறகு பாஷை விவகாரம் வந்தது. எல்லையில் எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்பதை அங்கே பெரும்பான்மையோர் பேசுகிற பாஷையை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அதே முறையைக் குளிருக்கும் கையாளலாம் என்று கமிட்டியில் ஒருவர் யோசனை சொன்னார். குளிர் பேசாதே என்று நான் சொன்னேன். குளிர் பட்டவர்கள் பேசுவார்கள் அல்லவா என்றார் அவர். லாரிக் கதவருகே நாகபூஷணத்தை உட்காரவைத்து, உள்ளே வருகிறவன் குளிர் பட்டதும் எந்த பாஷையில் வாயைத் திறக்கிறான் என்று எழுதச் சொன்னார்கள். சித்தூர் பஜாரே வரிசையில் நின்று போய்வந்தது. பாதிப்பேர் அம்மா என்றார்கள், பாதிப்பேர் அப்பா என்றார்கள். எங்கள் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் இரண்டு பாஷைக்கும் பொது. முடிவு எட்டவில்லை என்று எழுதி, கூட்டத்தை இன்னொரு முறை வரச் சொன்னார்கள். கதவு திறந்து திறந்து மூடியது. இஞ்சின் மூச்சு வாங்கியது. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு திறப்பையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, நான்தான் சொல்லித் தொலச்சேன்" என்றான் துலுக்காணம். "ஸ்டெப்னியோட நிறுத்தியிருக்கணும்."

"வுடுடா. நீ சொல்லலன்னா மறைச்சோம்னு புடிச்சிருப்பாங்க."

இதற்குள் ஜாத்திரை வந்துவிட்டது. விடுதலை உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் ரங்கையா ஒருவர்தான். அவரோ வேண்டுதல் இருக்கிறது என்று லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய்விட்டார். கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது, ஆனால் அவர் ஜாத்திரை முடித்து, களைப்பு தீர்ந்து வருவதற்குள் அது போய்விடுமோ என்று பயந்தேன். நாகபூஷணத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். துலுக்காணத்தைப் பிணையாக வைத்துவிட்டு என்னைத் திருப்பதிக்குப் போய்வர விட்டார்கள்.

அங்கே போனால் பண்ட வேஷத்து நாள். அன்றைக்கு வேண்டுதல்காரர்கள் உடம்பெல்லாம் குங்குமம் பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு தெருவில் வருவார்கள். எதிர்ப்படுகிறவர்களை வாயில் வந்தபடி திட்டுவார்கள். திட்டுவது அம்மன் என்பது ஐதீகம். வாங்கிக்கொள்கிறவர்கள் கோபிக்காமல் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கங்கம்மா கோயில் இருக்கிற தாத்தையகுண்டா பக்கம் கூட்டத்தில் தேடிக்கொண்டே போனேன். சிவப்புச் சிவப்பாக வந்தவர்களில் ஒரு தொப்பை எனக்குத் தெரிந்த தொப்பையாக இருந்தது. ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"சார், நான்தான் முனிரத்தினம். குளிர் லாரி."

ரங்கையா என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அச்சில் ஏற முடியாதவற்றை விட்டுவிட்டு மிச்சத்தைத் தருகிறேன்.

"டேய் பேமானி. உன்ன எவன்டா குளிருன்னு சொல்லச் சொன்னான்? குளிருக்கு எப்படிடா பர்மிட் குடுக்கறது? அப்படி ஒரு பர்மிட்டே கெடயாதுடா கழுத. குடுத்தா ஏன்டா குடுத்தன்னு என் கழுத்தப் புடிப்பான். குடுக்கலன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். நான் ஏன்டா குடுக்கறேன்? சர்வீஸ்ல இத்தினி வருசத்துல இந்த வெயில்லதான்டா நான் நிம்மதியாத் தூங்கறேன். உன் மாங்கா அழுவினா எனக்கின்னாடா, வெதவா? கமிட்டியாம் கமிட்டி. மோர் குடிக்கற கமிட்டிடா அது. மழ வர்ற வரைக்கும் உன் லாரி நகராதுடா, சோமாரி."

அவர் ஆபீசில் அத்தனை நாள் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா என் தோளைத் தட்டினாள். "நல்லா கும்புட்டுக்கோ நைனா. காலைலருந்து நிக்கறேன், எனக்கு ரெண்டே ரெண்டு வார்த்ததான் கெடச்சுது" என்றாள். நான் கும்பிட்டேன். கும்பிட்டுக்கொண்டே, சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த விடுதலை உத்தரவுத் தாளை எடுத்து நீட்டினேன்.

"வேசத்துல கையெழுத்துப் போட்டா சாமி குத்தம்டா, மடையா" என்று சொல்லிவிட்டு ரங்கையா அடுத்த ஆளிடம் போனார்.

எனக்கும் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு திரும்ப நாலு வார்த்தை கேட்கலாமா என்று கை துருதுருத்தது. அதற்கு முன்னாடியே வேண்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். மிளகாய் தின்றவன் மாதிரி காதெல்லாம் எரிய பஸ் ஏறினேன்.

சித்தூரில் கேட்டுக்குள் நுழையும்போதே ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. இஞ்சின் சத்தம் இல்லை. துலுக்காணம் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"நின்னு போச்சுண்ணா. ஓயாம ஓட்டினா இரும்பு மட்டும் இன்னா பண்ணும்? மதராஸ்லருந்து மெக்கானிக் வந்தாதான் உண்டு. அவன் வர்றதுக்கும் இந்த ஆபீஸ்ல பர்மிசன் கேக்கணுமாம்."

"குளிரு?"

"போச்சு. உள்ள கைய வச்சுப் பாரு, அடுப்பு. ஆனா குமாஸ்தா காலைல வந்தாரு. உள்ள பூந்தாரு, குந்தினாரு, வெளிய வந்தாரு. குளிரு குறையலன்னு எழுதிட்டுப் போய்க்கினே இருந்தாரு."

நான் நம்பவில்லை. நேராக நாகபூஷணத்திடம் போனேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். "குறஞ்சுதுன்னு எழுதினா யாரு எடுத்தான்னு கேப்பாங்க. என் டூட்டில குறஞ்சா நான் எடுத்தேன்னு ஆவும். எனக்குப் புள்ளகுட்டி கீது முனிரத்தினம். நீயும் சும்மா இரு. குளிரு போச்சுன்னா மொத கேஸு உன் மேலதான்."

அடுத்த டூட்டிக்காரர் வந்தார். முதலில் இருந்தவர் குறையவில்லை என்று எழுதியிருக்கும்போது இவர் எப்படிக் குறைந்தது என்று எழுதுவார்? அவரும் குறையவில்லை என்று எழுதினார். கமிட்டி தவறாமல் கூடியது. தகரப் பெட்டிக்குள் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள உட்கார்ந்து பேசினார்கள். வேர்வை வெளியே தெரிகிறது என்று ஒருவர் சால்வை போர்த்திக்கொண்டு வந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் போர்த்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மயங்கி விழுந்தார். குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்று தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் காய்கள் விழித்துக்கொண்டன. முதலில் லேசாக ஒரு வாசனை வந்தது, பிறகு காம்பவுண்டு முழுக்க மணந்தது. ரோட்டில் போகிற மாட்டு வண்டிக்காரன்கூட நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனான். அந்தச் சமயத்தில் விட்டிருந்தால்கூட சித்தூர் பஜாரில் கொட்டி விற்றிருப்பேன். லண்டன் போனால் போகட்டும், வீட்டில் அடுப்பாவது எரியும். ஜாத்திரை முடிந்து ரங்கையா வந்ததும் ஓடினேன். முகத்தில் குங்குமத்தின் அடையாளம்கூட இல்லை. திருப்பதியில் என்னைப் பார்த்ததாக அவருக்கு நினைவே இல்லை. நான் எடுத்துச் சொன்னதற்கு, அங்கே பேசினது நான் இல்லை, அம்மவாரு என்றார்.

"சார், மாங்கா பழுத்துடுச்சு. இப்பவே வுட்டீங்கன்னா இங்கியே வித்துடுவேன். கப்பலே வாணாம்."

ரங்கையா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "குளிர்ல கீற காய் எப்படிய்யா பழுக்கும்? நீதானே சொன்னே, குளிர்ல காய் தூங்கும்னு? பழுத்துதுன்னு சொன்னா குளிரு இல்லன்னு ஆவும். குளிரு இல்லன்னா அது எங்க போச்சு? நல்லா யோசன பண்ணிச் சொல்லு. பழுத்துதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஜெயில்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"இல்ல சார்."

"அப்படிச் சொல்லு. தூங்கற காய் தூங்கட்டும்."

அன்றைக்கு மத்தியானம் தாட்சாயணி சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே விடவில்லை. கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். தூக்கைக் கொடுத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுலயே வாசன வந்துச்சு" என்றாள். "நம்ம தோப்புப் பழந்தான்னு தெரிஞ்சுச்சு. பழுத்துடுச்சா?"

சேவகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கம்பி வழியாகக் கையை விட்டு என் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். என் பெண்டாட்டியிடம் பழத்தைக் காய் என்று சொல்ல வைத்துவிட்டார்களே என்று மனசு கொதித்தது.

பிறகு வாசனை மாறியது. அதை விவரிக்க வேண்டாம். ஈ மொய்த்தது. பெட்டிக்கு அடியிலிருந்து மஞ்சளாய்ச் சாறு கசிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் தேங்கியது. கமிட்டிக்காரர்கள் சால்வையை மூக்கு வரைக்கும் ஏற்றிக்கொண்டார்கள்.

கடைசியில் ஹைதராபாத்திலிருந்து கமிஷனரே வந்தார். ஓர் அதிசயக் குளிர் சித்தூரில் பிடிபட்டிருக்கிறது, ஒரு துளி குறையாமல் காக்கப்பட்டு வருகிறது என்று தினமும் போன செய்தி அவரை இழுத்து வந்திருந்தது. கம்பளிக் கோட்டோடு வந்தார். பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு, லாரிக்குள் ஏற்றினார்கள். பின்னால் ரங்கையா, நாகபூஷணம், கமிட்டி, கடைசியில் நான். எல்லோரும் ஏறியதும், குளிர் வீணாகக் கூடாது என்று கதவை வெளியிலிருந்து சாத்தினார்கள்.

தகரம் கொதித்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கமிஷனரின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி மாலையில் விழுந்தது. அவர் ரங்கையாவைப் பார்த்தார். ரங்கையா சால்வையை இறுக்கிக்கொண்டு நாகபூஷணத்தைப் பார்த்தார். நாகபூஷணம் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டார். ஏதாவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். கமிஷனர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நல்ல குளிர்" என்றார். "ஹைதராபாத்துல இவ்ளோ இல்ல."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். கமிஷனர் பேசினார்: "ஒரு சர்க்காருக்குப் பெருமை எது? அணை கட்டலாம், ரோடு போடலாம். யாரு வேணும்னாலும் செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள, எடுத்த மாதிரியே வச்சிருந்து, சொந்தக்காரன் கைல திருப்பிக் குடுக்கறது இருக்குதே, அதுதான் நிர்வாகம். சர்க்கார் யாரு வயித்துலயும் அடிக்கல. இவரு கப்பலு எப்போ?"

"நாளக்கி சார்" என்றார் ரங்கையா.

"பாத்தியா. ஒரு நாள் முன்னாடியே முடிச்சுட்டோம். குளிரு, மாங்கா எல்லாம் எடுத்துக்கினு போலாம். குளிர்ல ஏதாவது குற இருந்தா சொந்தக்காரர் இப்பவே பயப்படாம சொல்லலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டிகளைப் பார்த்தேன். தாட்சாயணி துடைத்துத் துடைத்து வைத்தவை. மேலே கறுத்து, கீழே கூழாகி, வைக்கோலோடு வைக்கோலாகக் கிடந்தன. அதன் சாறு கமிஷனரின் பூட்ஸைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உடம்பு கிடுகிடு என்று ஆடத் தொடங்கியது. பல்லோடு பல் அடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் தோளைக் கட்டிக்கொண்டு பார்த்தேன், நிற்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

கமிஷனர் என்னைக் கவனமாகப் பார்த்தார். பிறகு நாகபூஷணத்திடம் திரும்பினார்.

"எழுதிக்கோ. குளிர் தாங்காம சொந்தக்காரர் நடுங்கறாரு. வேற சாட்சி தேவையில்ல."

நாகபூஷணம் எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கை ஆடியதில் அது கோணிக்கொண்டு ஓடிற்று. அடித்துவிட்டு வேறு போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், அதுதான் இன்னும் நல்லது என்று ரங்கையா தாளை வாங்கிக்கொண்டார்.